கம்பி இருந்தால் மட்டும் போதுமா?

"எங்கள் ஸ்தாபனத்துக்குப் பத்து கிகாபிட் கம்பி வந்துவிட்டது" என்று ஒருவர் அறிவித்தால், தேசம் ஒரு படி முன்னேறிவிட்டதென்று நாம் மகிழ்கிறோம். மகிழ்வதில் தவறில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து அதே ஸ்தாபனத்துக்குள் சென்று, ஆராய்ச்சி மாணவன் ஒருவனை அழைத்து, "உனக்கு வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய தகவல் வந்து சேர்ந்ததா?" என்று கேட்பார் யாருமில்லை. கேட்டால், "வந்துகொண்டிருக்கிறது" என்றே அவன் பதில் சொல்லக்கூடும். வந்துகொண்டிருப்பதற்கும் வந்து சேர்வதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு தேசத்தின் விஞ்ஞானமே சிக்கிக்கொள்ளலாம். அதைப்பற்றித்தான் இங்கே சிறிது விவரமாக எழுத விரும்புகிறோம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பத்து கிகாபிட் என்றால் நொடிக்கு ஆயிரம் கோடி பிட்டுகள். எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். விஞ்ஞானிகள் இன்று சர்வ சாதாரணமாகப் பேசும் அளவு பெட்டாபைட்; அதாவது ஆயிரம் டெராபைட். பிட்டுகளாகச் சொன்னால் எண்பது கோடி கோடி. இந்தச் சுமையைப் பத்து கிகாபிட் கம்பியில், ஒரு நொடிகூட வீணாக்காமல் அனுப்பினால், எட்டு லட்சம் நொடிகள் ஆகும். அதாவது 9 நாளும் 6 மணியும். நூறு கிகாபிட் கம்பியானால் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். இது காகிதக் கணக்கு. இந்தக் காகிதக் கணக்கை நம்பிப் பணம் ஒதுக்கிவிட்டு, மீதியைக் கம்பி தானே பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுவது தவறு. ஏனென்று விளங்க, இவ்வளவு பெரிய சுமையை நாள்தோறும் தூக்கிச் செல்கிறவர்கள் யார், அவர்கள் எப்படித் தூக்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜெனீவா நகரத்துக்கருகே, சுவிட்சர்லாந்தும் பிரான்ஸும் சந்திக்கும் எல்லையில், பூமிக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம் ஒன்று இருக்கிறது. செர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆராய்ச்சி ஸ்தாபனத்துக்குச் சொந்தமானது. அந்த வளையத்துக்குள் புரோட்டான்களை எதிரெதிராக ஓடவிட்டு மோத விடுகிறார்கள். யந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது நொடிக்கு நூறு கோடி வரையில் மோதல்கள் நிகழும். அவற்றில் மிகப் பெரும்பகுதியை அந்தக் கணமே கழித்துவிட்டு, பயனுள்ளவை என்று தோன்றுகிறவற்றை மட்டும் பதிவு செய்கிறார்கள். கழித்தது போக எஞ்சியதே ஒரு மலை. 2023 செப்டம்பரில் செர்ன் ஸ்தாபனத்தின் வட்டுகளில் உள்ள இடம் மட்டும் பத்து லட்சம் டெராபைட்டைத் தாண்டிற்று. நாடாக்களில் பத்திரப்படுத்தி வைத்திருப்பது தனி.

இந்த மலையை ஜெனீவாவிலேயே வைத்துக்கொண்டு ஆராய்வதென்றால் அங்கே எவ்வளவு பெரிய கணிப்பொறிச் சாலை கட்டினாலும் போதாது. ஆகவே தொடக்கத்திலேயே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். தகவல் முதலில் ஜெனீவாவில் சேரும். அங்கிருந்து பிரான்ஸில் லியோன், ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே, இத்தாலியில் போலோனியா, அமெரிக்காவில் புரூக்ஹேவன், ஃபெர்மிலாப் போன்ற முதல் வரிசை நிலையங்களுக்குத் தனிப் பாதைகளில் செல்லும். அவற்றிலிருந்து இரண்டாம் வரிசை நிலையங்களுக்குப் பிரியும். நாற்பதுக்கு மேற்பட்ட தேசங்களில் சுமார் 170 நிலையங்கள் இப்படி ஒரே குடும்பம்போல் இயங்கி வருகின்றன. 2012 ஜூலை 4-ந் தேதி ஹிக்ஸ் துகள் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வெளிவந்தபோது உலகம் அந்த வளையத்தைப் புகழ்ந்தது. அந்தத் தகவலைத் தேசம் தேசமாகச் சுமந்த பாதைகளைப் புகழ்ந்தவர்கள் குறைவு. சுமைகூலிக்காரனை யார் புகழ்கிறார்கள்!

இதில் நமக்கும் பங்குண்டு. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகமும், கொல்கத்தாவில் வேரியபிள் எனர்ஜி ஸைக்ளோட்ரான் நிலையமும் இரண்டாம் வரிசையில் இருக்கின்றன. வளையத்தின் காந்தங்களைத் தாங்கி நிற்கும் ஆயிரக்கணக்கான ஜாக்கிகள் இந்தியாவில் செய்து அனுப்பப்பட்டவை. 2004-ல் இந்திய அரசு பரிசளித்த நடராஜர் சிலை இன்றும் செர்ன் வளாகத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. 2017 ஜனவரியில் இந்தியா அந்த ஸ்தாபனத்தின் இணை உறுப்பு நாடாயிற்று. உறுப்பினரானால் ஆண்டுதோறும் சந்தா செலுத்த வேண்டும். தகவல் நம் மாணவன் மேஜைக்கு வந்தாலும் வராவிட்டாலும் சந்தாவில் ஒரு காசு குறையாது.

இனி, பாதையின் சங்கதிக்கு வருவோம். இணையத்தில் தகவல் செல்வது ரிஜிஸ்தர் தபாலைப் போன்றது. பெரிய சுமையைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறார்கள். சாதாரணமாக ஒரு பொட்டலம் 1,500 பைட். பெறுகிறவன் ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு அனுப்புவான். ஒப்புகை வராவிட்டால், பொட்டலம் வழியில் தொலைந்தது என்று கருதி மறுபடியும் அனுப்ப வேண்டும். வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்ற இரு அமெரிக்கர்கள் 1974-ல் வகுத்த நெறிமுறையிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. டி.ஸி.பி. என்று பெயர். அரை நூற்றாண்டாக உலகம் இதன்மேல்தான் நடக்கிறது.

ஒப்புகை வரும்வரை கைகட்டி நிற்பதென்றால் வேலை நடக்காது. ஆகவே, ஒப்புகைக்குக் காத்திராமல் இவ்வளவு பைட் வரையில் அனுப்பலாம் என்று ஒரு வரம்பு வைத்தார்கள். அதற்கு விண்டோ என்று பெயர். பழைய நெறிமுறையில் அந்த வரம்பு 65,535 பைட். அந்தக் காலத்துக் கம்பிகளுக்கு அது தாராளம். இன்றைக்கு அதன் விளைவைப் பாருங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஒளியை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடு என்று எந்த சர்க்காரும் உத்தரவிட முடியாது. ஜெனீவாவிலிருந்து மும்பைக்குக் கடலடிப் பாதையில் ஒரு பொட்டலம் வந்து, ஒப்புகை திரும்பிப் போய்ச் சேர 0.15 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.15 நொடிக்கு ஒரு முறை 65,535 பைட் மட்டுமே அனுப்ப முடியுமென்றால், வேகம் நொடிக்கு 35 லட்சம் பிட்டைத் தாண்டாது. கம்பியோ ஆயிரம் கோடி பிட் தாங்கக்கூடியது. அதில் ஏறத்தாழ 2,860-ல் ஒரு பங்குதான் உபயோகமாகும். 9 நாளில் வரவேண்டிய பெட்டாபைட் வந்து சேர 72 ஆண்டுகள் பிடிக்கும். பேரன் காலத்தில் கிடைக்கும்!

இதே கம்பியை நூறு கிகாபிட்டாக அகலப்படுத்தினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அப்பொழுதும் 72 ஆண்டுகள்தான். தடை இருப்பது கம்பியில் அல்ல. இரு முனைகளிலும் உள்ள யந்திரங்களின் அமைப்பில். கம்பிக்குப் பணம் கொடுப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் இது. பத்து கிகாபிட் பாதையை முழுவதும் நிரப்பவேண்டுமானால், ஒப்புகை வருவதற்குள் 18 கோடியே 75 லட்சம் பைட் வழியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். விண்டோவைப் பெரிதாக்க 1992-ல் நெறிமுறையில் திருத்தம் செய்தார்கள். திருத்தம் ஏட்டில் இருந்தாலும், அதற்குத் தகுந்த ஞாபக இடம் யந்திரத்தில் ஒதுக்கப்பட்டிருக்கிறதா, நடுவில் யாராவது அதைக் கெடுக்கிறார்களா என்று பார்க்க ஆள் வேண்டுமே!

விண்டோவைப் பெரிதாக்கியதும் வேறொரு இடைஞ்சல் தலைதூக்கிற்று. அதன் வேர் 1986 அக்டோபரில் நடந்த ஒரு சம்பவம். கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிச்சாலைக்கும் பெர்க்லி ஸர்வகலாசாலைக்கும் இடையே 400 கெஜ தூரம். அந்தத் தூரத்தைக் கடந்த தகவலின் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து திடீரென்று 40 பிட்டாக விழுந்தது. பாதையில் நெருக்கடி ஏற்பட்டுப் பொட்டலங்கள் தொலைய, தொலைந்ததை எல்லோரும் மறுபடி அனுப்ப, அதனால் நெருக்கடி மேலும் முற்றிற்று. வான் ஜேக்கப்ஸன் என்ற விஞ்ஞானி இதை ஆராய்ந்து 1988-ல் பரிகாரம் வெளியிட்டார். ஒரு பொட்டலம் தொலைந்தது என்று தெரிந்தால், அனுப்புகிறவன் உடனே தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொட்டலம் வீதம் மெள்ள மெள்ள ஏற வேண்டும். இணையம் இன்று பிழைத்திருப்பது இந்தப் பரிகாரத்தால்தான் என்று சொன்னால் மிகையல்ல. எல்லோரும் அடக்கமாக இருந்தால் எல்லோருக்கும் வழி கிடைக்கும் என்ற ஏற்பாடு அது.

ஆனால் நெடுந்தூரம் பெருஞ்சுமை தூக்குகிறவனுக்கு அந்த அடக்கம் பெரிய தண்டனையாக முடிந்தது. மேற்சொன்ன ஜெனீவா-மும்பைப் பாதையில் முழு வேகத்தில் 1,25,000 பொட்டலங்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று தொலைந்தால் பாதியாகக் குறைந்து, சுற்றுக்கு ஒன்றாக ஏறிப் பழைய நிலைக்கு வர 62,500 சுற்றுகள். சுற்றுக்கு 0.15 நொடி. ஆக, ஒரே ஒரு பொட்டலம் தொலைந்ததற்கு 2 மணி 36 நிமிஷம் பிராயச்சித்தம்! பக்கத்து அறைக்கு அனுப்புகிறவனுக்கோ இதே இழப்பு கண் இமைக்கும் நேரத்தில் சரியாகிவிடும். தூரத்தில் இருப்பவனுக்குத்தான் தண்டனை கடுமை. ஜெனீவாவுக்கு அருகிலிருக்கும் ஐரோப்பியர்களைவிட நமக்கு இது ஏன் அதிக முக்கியம் என்பது இப்போது விளங்கும்.

ஸாலி ஃப்ளாய்ட் என்ற அம்மையார் 2003-ல் இதற்கு ஒரு கணக்குக் காட்டினார். ஒரு சுற்றுக்கு 0.1 நொடி ஆகும் பாதையில் பத்து கிகாபிட் வேகம் நிலைக்க வேண்டுமானால், ஐந்நூறு கோடிப் பொட்டலங்களுக்கு ஒரு முறைக்கு மேல் இழப்பு நேரக்கூடாது. அவ்வளவு பரிசுத்தமான பாதை எங்கேயும் கிடையாது. ஆகவே ஏறும் விதியையே மாற்றினார்கள். 2006 முதல் லினக்ஸ் யந்திரங்களில் வழக்கமாக உள்ள க்யூபிக், கூகிள் நிறுவனத்தார் 2016-ல் வெளியிட்ட பி.பி.ஆர். எல்லாம் இந்த வம்சம். வேறு சிலர் ஒரே பாதையில் பல ஓட்டங்களை இணையாக விட்டார்கள். எட்டு ஓட்டமிருந்து அதில் ஒன்றில் இழப்பு நேர்ந்தால், அந்த ஒன்று மட்டும் பாதியாகும். மொத்த வேகத்தில் பதினாறில் ஒரு பங்குதான் குறையும். நல்ல தந்திரம். ஆனால் பொதுப்பாதையில் இதைச் செய்வது, பந்தியில் ஒருவனே எட்டு இலை போட்டு உட்காருவதற்கு ஒப்பாகும். விஞ்ஞானத்துக்கென்று தனிப் பாதை வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தகைய உபாயங்கள் வீண்போகவில்லை. 2003 அக்டோபரில் கால்டெக், செர்ன் விஞ்ஞானிகள் சேர்ந்து, ஜெனீவாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சுமார் 7,000 கிலோமீட்டர் தூரம் 1.1 டெராபைட் தகவலை அரை மணிக்குள் அனுப்பிக் காட்டினார்கள். பந்தயத்துக்காகச் செய்த காரியம்தான். ஆனால் பந்தயத்தில் கற்ற வித்தை பின்னர் அன்றாட வேலைக்கு உதவியது. இணை ஓட்டங்களைக் கையாண்ட கிரிட்எஃப்.டி.பி. என்ற கருவி நெடுங்காலம் செர்ன் தகவலைச் சுமந்து, இப்போது ஓய்வு பெற்றுவிட்டது. அந்த இடத்தில் சாதாரண இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் ஹெச்.டி.டி.பி. நெறிமுறையே வேலை செய்கிறது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எங்கே போகவேண்டும் என்று தீர்மானிக்கும் காரியத்தை ரூஸியோ என்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. போய்ச் சேர்ந்த கோப்பு, புறப்பட்ட கோப்புத்தானா என்று சரிபார்க்க ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை எண் உண்டு. டி.ஸி.பி. தானே செய்யும் சோதனையை மட்டும் நம்பினால் போதாது. அதற்குத் தப்பும் பிழைகள் உண்டென்று 2000-ல் ஸ்டோன், பார்ட்ரிட்ஜ் என்ற இருவர் காட்டிவிட்டார்கள். பெட்டாபைட் கணக்கில் அனுப்பும்போது, கோடியில் ஒன்று என்ற பிழையும் தினசரி விருந்தாளியாகிவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் காரியம் கெடும் இடம் ஒன்றுண்டு. அது ஸ்தாபனத்தின் சொந்த வாசல். அமெரிக்காவில் எரிசக்தி இலாகாவின் விஞ்ஞான வலைப்பின்னலான இ.எஸ்.நெட்டைச் சேர்ந்த நிபுணர்கள் 2013-ல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. இரண்டும் நன்கு மனத்தில் பதிய வேண்டியவை. ஒன்று, பத்து கிகாபிட் பாதையிலிருந்த ஒரு ரௌட்டரின் அட்டை பழுதாகி, 22,000 பொட்டலங்களுக்கு ஒன்று வீதம் கீழே போட்டுக்கொண்டிருந்தது. நூற்றுக்கு 0.0046. இவ்வளவு அற்பமான இழப்பை எந்த எச்சரிக்கை மணியும் கண்டுகொள்ளாது. அருகிலிருப்பவர்கள் எந்த வித்தியாசத்தையும் உணரமாட்டார்கள். ஆனால் நெடுந்தூரத்து ஓட்டங்கள் அதனால் படுத்துவிடும்.

இரண்டாவது, பென்சில்வேனியா ஸ்டேட் ஸர்வகலாசாலையின் இன்ஜினீயரிங் கல்லூரியில் நடந்தது. அவர்களுக்கும் வெர்ஜீனியாவிலுள்ள ஒரு நிலையத்துக்கும் இடையே ஒரு சுற்றுக்கு 0.01 நொடிதான். கம்பி ஒரு கிகாபிட். கிடைத்த வேகமோ ஐந்து கோடி பிட். அதாவது இருபதில் ஒரு பங்கு. தேடிப் பார்த்ததில், கல்லூரி வாசலில் வைத்திருந்த ஃபயர்வால் என்ற காவல் யந்திரம், பாதுகாப்புச் சோதனை என்ற பெயரில், 1992-ல் திருத்திய பெரிய விண்டோவை அழித்துவிட்டுப் பழைய 65,535 பைட்டையே அனுமதித்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. அந்த ஒரு சோதனையை நிறுத்தியதும், உள்ளே வரும் வேகம் ஏறக்குறைய ஐந்து மடங்கும், வெளியே செல்லும் வேகம் சுமார் பன்னிரண்டு மடங்கும் உயர்ந்தன. புதுக் கம்பி ஒரு கெஜம்கூட வாங்கவில்லை. ஒரு காசு செலவில்லை. தெரிந்தவன் ஒருவன் தேடினான், அவ்வளவுதான்.

காவல் யந்திரமே வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. சம்பளக் கணக்கும் பரீட்சை மார்க்கும் இருக்கும் இடத்துக்குக் காவல் அவசியம். ஆனால் ஆயிரம் பேருடைய சிறுசிறு கடிதங்களைச் சோதிப்பதற்காகச் செய்த யந்திரத்தின் வழியே ஒரே மலையை உருட்டிவிட்டால், அது திணறிப் பொட்டலங்களைக் கீழே போடும். ஆகவே விஞ்ஞானத் தகவலுக்கு மட்டும் தனி வாசல் அமைத்து, அங்கே அந்த வேலைக்கென்றே யந்திரங்களை நிறுத்தி, யார் வரலாம் என்பதைக் கண்டிப்பாக வரையறுத்து, பாதையை அல்லும் பகலும் அளந்துகொண்டிருக்க வேண்டும் என்று அந்த நிபுணர்கள் சொன்னார்கள். சயன்ஸ் டி.எம்.இசட். என்று அதற்குப் பெயரிட்டார்கள். நெல்மூட்டை வண்டியை வாசல் திண்ணை வழியாக ஓட்டாமல், நேரே களத்துமேட்டுக்கு விடுகிறோமல்லவா? அதே யோசனைதான். பாதையை அளப்பதற்கு பெர்ஃப்ஸோனார் என்ற மென்பொருளை இலவசமாகவே கொடுத்து வருகிறார்கள்.

வாசலைக் கடந்து உள்ளே வந்தாலும் வட்டு இருக்கிறது. சுழலும் வட்டு ஒன்று நொடிக்குச் சுமார் 20 கோடி பைட் எழுதும். பத்து கிகாபிட்டை விழுங்க அத்தகைய வட்டுகள் பல ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். கோப்புகள் சிறிதாகவும் லட்சக்கணக்கிலும் இருந்தாலோ, ஒவ்வொன்றையும் திறந்து மூடுவதிலேயே பொழுது போய்விடும். லட்ச ரூபாயைக் காலணாவாக எண்ணிக் கொடுக்கிற கதை.

பாதையே இல்லாதபோது என்ன செய்வது? தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான். தென்னாப்பிரிக்காவில் 2009 செப்டம்பரில், தங்கள் ஊர் இணையத்தின் மந்தகதியை எள்ளி நகையாட விரும்பிய ஒரு நிறுவனத்தார், வின்ஸ்டன் என்ற புறாவின் காலில் 4 கிகாபைட் தகவலைக் கட்டிச் சுமார் 80 கிலோமீட்டருக்கு அனுப்பினார்கள். புறா ஒரு மணி எட்டு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது. தகவலை இறக்கி முடித்தபோது, இணையத்தின் வழியே அனுப்பியதில் நூற்றுக்கு நான்கு பங்குதான் வந்திருந்தது. தூது விடுவதில் நம் முன்னோர்கள் ஏமாந்தவர்கள் அல்ல!

வேடிக்கை ஒருபுறமிருக்க, கருந்துளையின் முதல் படத்தையும் இப்படித்தான் எடுத்தார்கள். 2017 ஏப்ரலில் உலகின் பல மூலைகளிலிருந்த எட்டுத் தொலைநோக்கிகள் ஒரே சமயத்தில் வானத்தைப் பார்த்தன. சேர்ந்த தகவல் சுமார் ஐந்து பெட்டாபைட். எந்தக் கம்பியும் அதைத் தாங்காது என்று வட்டுகளை விமானத்தில் ஏற்றி அமெரிக்காவில் ஹேஸ்டாக்குக்கும் ஜெர்மனியில் பான் நகருக்கும் அனுப்பினார்கள். தென் துருவத்து வட்டுகள் மட்டும் வரவில்லை. அங்கே குளிர்காலத்தில் விமானம் இறங்காது. அவை டிசம்பரில்தான் வந்து சேர்ந்தன. உலகத்துப் பெரிய மூளைகள் எட்டு மாதம் ஒரு பெட்டிக்காகக் காத்திருந்தன. படம் 2019 ஏப்ரல் 10-ந் தேதி வெளியாயிற்று. துருவத்துக்கு இயற்கை போட்ட தடையை யாரும் குறைகூற முடியாது. நம் ஊருக்கு அப்படி எந்தத் தடையும் கிடையாது.

நம் ஊர் நிலைமையைப் பார்க்கலாம். 1870-ல் சூயஸ், ஏடன் வழியாகப் பம்பாய்க்குக் கடலடித் தந்திக் கம்பி வந்தது. அது நமக்காக வரவில்லை. 1857-க்குப் பிறகு நம்மை ஆள்வதற்குச் செய்தி விரைவாக வேண்டியிருந்தது. கம்பியும் அவர்களுடையது, கட்டணமும் அவர்கள் வைத்தது, கம்பியின் வழியே உலகத்துக்குப் போன நம் நாட்டுச் செய்தியும் அவர்கள் பார்வையில் எழுதப்பட்டது. சுதந்தரத்துக்குப் பின் நிலைமை மாறிற்று. 1986-ல் எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலைப்பின்னல் தொடங்கிற்று, சென்னை ஐ.ஐ.டி.யும் அதன் தொடக்கப் பங்காளிகளில் ஒன்று. 2010 மார்ச்சில் மத்திய சர்க்கார் 5,990 கோடி ரூபாயில் தேசிய அறிவு வலைப்பின்னலுக்கு அங்கீகாரம் அளித்தது. இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வி, ஆராய்ச்சி ஸ்தாபனங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. இது பெருமைப்படத்தக்க காரியம். சர்க்கார் செய்ததையெல்லாம் குறைகூறுவது நமது நோக்கமல்ல.

ஆனால் ராஜபாட்டை போட்டவர்கள் அது ஒவ்வொரு கிராமத்தின் களத்துமேட்டையும் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். வலைப்பின்னல் கல்லூரியின் மதில்வரை வருகிறது. மதிலுக்கு உள்ளே என்ன நடக்கிறது? டெண்டர் அறிவிப்பில் எத்தனை கிகாபிட் என்று எழுதுகிறார்கள். முனையிலிருந்து முனைக்கு எத்தனை டெராபைட், எத்தனை மணியில் போய்ச் சேரவேண்டும் என்று எழுதினால் அல்லவா உண்மை வெளிப்படும்? பொட்டல இழப்பு லட்சத்துக்கு எத்தனை என்று மாதந்தோறும் அளந்து, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டால் என்ன கெட்டுவிடும்? சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் உள்ள நம் பிரதிநிதிகள், கம்பிக்கு ஒதுக்கிய பணத்தைப்பற்றிக் கேட்பதோடு, இந்தக் கேள்விகளையும் கேட்கலாம். பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்தாலே பாதி ஃபயர்வால்கள் சீர்பட்டுவிடும் என்பது நமது அபிப்பிராயம்.

கடற்பாதையையும் மறக்கக்கூடாது. ஐரோப்பாவுக்கு நாம் செல்லும் பாதை பெரும்பாலும் இன்றும் அந்த 1870-ம் வருஷத்துச் செங்கடல் பாதைதான். 2008 ஜனவரியில் அலெக்ஸாண்ட்ரியாவுக்கருகே கம்பிகள் அறுந்தபோது இந்தியாவில் இணையம் தவழ்ந்தது. 2024 பிப்ரவரியிலும் 2025 செப்டம்பரிலும் செங்கடலில் மறுபடி கம்பிகள் அறுந்தன. சென்னைக் கரையிலிருந்து கிழக்கே சிங்கப்பூருக்கு 2002 முதலே கம்பி இருக்கிறது. மேற்குப் பாதை அடைபட்டால் கிழக்கே சுற்றிப் போகலாம். ஆனால் சுற்றிப் போனால் தூரம் அதிகம். தூரம் அதிகமானால் ஒப்புகை வரும் நேரம் அதிகம். முன்பு சொன்ன விண்டோக் கணக்கையும் ஞாபக இடத்தையும் அதற்குத் தகுந்தபடி முன்கூட்டியே அமைத்திருந்தால்தான் அந்தச் சுற்றுவழி பயன்படும். கம்பி அறுந்த அன்று அமைக்க முடியாது.

செர்ன் ஸ்தாபனத்தார் இப்படிப்பட்ட ஒத்திகைகளை முன்கூட்டியே நடத்துகிறார்கள். வளையத்தை மேலும் சக்திவாய்ந்ததாக மாற்றியபின் வரப்போகும் சுமைக்காக, 2021-ல் அதில் பத்தில் ஒரு பங்கையும், 2024 பிப்ரவரியில் நாலில் ஒரு பங்கையும் உலகெங்குமுள்ள நிலையங்களுக்கிடையே அனுப்பிப் பார்த்தார்கள். சுமை வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தோளைப் பழக்குகிறார்கள்.

நமக்கும் ஒரு சுமை வரவிருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் எஸ்.கே.ஏ. என்ற மாபெரும் ரேடியோத் தொலைநோக்கி கட்டப்பட்டு வருகிறது. புனேயிலுள்ள தேசிய ரேடியோ வானியல் நிலையத்தார் அதில் முக்கிய பங்கு வகிக்கிறார்கள். நம் சர்க்கார் 1,250 கோடி ரூபாய் அளிக்க முன்வந்திருக்கிறது. முழு அளவில் இயங்கும்போது ஆண்டுக்குச் சுமார் 700 பெட்டாபைட் தகவல் அதிலிருந்து வெளிப்பட்டு, பல தேசங்களிலுள்ள பிராந்திய நிலையங்களுக்குப் பிரிந்து செல்லும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். வருஷம் முழுவதும் ஒரு நொடிகூட நில்லாமல் நொடிக்கு 177 கிகாபிட் ஓடினால்தான் அது தீரும். அதில் ஒரு பங்கு இந்தியாவுக்கு வரவேண்டும். அந்தப் பங்கை மும்பைக் கரையில் இறக்கிப் புனேயில் சேர்ப்பதோடு வேலை முடியாது. அங்கிருந்து மதுரையிலும் குவாஹாட்டியிலும் உள்ள மாணவனுடைய வட்டுக்கு அது போகவேண்டும். வழியில் 22,000-க்கு ஒன்று வீதம் பொட்டலத்தைக் கீழே போடும் அட்டை எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்கத் தெரிந்த ஆள் ஒவ்வொரு ஸர்வகலாசாலையிலும் ஒருவராவது வேண்டும். அவர் பேராசிரியருமல்ல, குமாஸ்தாவுமல்ல. நமது ஸர்வகலாசாலைகளின் சம்பளப் பட்டியலில் அவருடைய உத்தியோகத்துக்கு ஒரு பெயரும் ஒரு சம்பள விகிதமும் இருக்கின்றனவா என்று அடுத்த ஸெனட் கூட்டத்தில் அங்கத்தினர்கள் கேட்கட்டும்.